முகம் விழாத பிலிம்

நூடுல்ஸ் வண்டிக்காரர் மூடியில் துளை போட்ட பாட்டிலைக் கவிழ்த்து இரண்டு உதறு உதறினார். காய்ந்த இரும்புச் சட்டியில் வினிகர் பட்டுச் சீறியது. புளித்த, மூக்கைக் கிள்ளும் அந்த ஆவி முகத்தில் அடித்ததும் காந்திபுரத்து பஸ் இரைச்சலுக்கு நடுவிலேயே நான் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே இருட்டு சிவப்பாக இருந்தது. ஒரு தட்டில் திரவம் அலம்பிக்கொண்டிருந்தது. அதனடியில் வெள்ளைக் காகிதம். காகிதத்தில் முதலில் ஒரு தோள் வந்தது. பிறகு ஒரு காது. பிறகு கொஞ்சம் மூடுபனி. முகம் மட்டும் வரவே இல்லை.

"முட்டை ஒண்ணா ரெண்டாங்க்கா?" என்றார் வண்டிக்காரர். என்ன பதில் சொன்னேனோ தெரியாது. தட்டில் இரண்டு முட்டை இருந்தது.

அந்த இருட்டறையில் நான் நின்றது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எனக்கு அப்போது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். அதற்கும் முன் பருத்தி மண்டியில் டைப் அடித்தேன். எங்கேயும் நிலைத்ததில்லை. ஓர் ஊரில் இருக்கும்போது அடுத்த ஊரில் வெயில் எப்படி விழுந்துகொண்டிருக்குமோ என்று இருக்கும். "நீ பஸ் ஸ்டாண்டுல பொறந்திருக்கோணும்" என்பாள் என் அக்கா. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி, தனக்குச் சரிப்படவில்லை என்று ஒரு ரஷ்யக் கேமராவை என்னிடம் விட்டுப் போனான். செங்கல் கனம். கழுத்தில் மாட்டிக்கொண்டால் யாரோ பிடித்து நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். அதனாலேயே எனக்கு அது பிடித்துப்போனது.

பிலிம் விற்கும் கடையில்தான் அந்த விஷயம் காதில் விழுந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சார் இருக்கிறார், நாலு நாள் பயணமாகக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கக் கற்றுத்தருகிறார், கொஞ்சம் ஊர், கொஞ்சம் காடு, கொஞ்சம் மலை, கூட்டம் சேர்க்கமாட்டார் என்று. போனேன். என்னையும் சேர்த்து மாணவர்கள் மூன்றே பேர். ஒருவர் பல் டாக்டர்; ஐம்பது வயது, குசும்பு முழுக்க நாக்கில் இருக்கும். இன்னொருவர் பெரிய மில் குடும்பத்து மருமகள். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை, வயதைக் கேட்காமலே, கண்ணு என்றார்.

சார் பல வருஷம் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். கேமராவைப் பார்த்துச் சிரித்த முகங்களாக எடுத்து எடுத்து, முகம் என்றாலே அவருக்கு அலுத்துவிட்டிருந்தது. ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் எடுக்க ஆரம்பித்தாராம். எங்களுக்கும் அதையே சொன்னார். ஆளை நடுவில் நிறுத்தக் கூடாது. கேமராவைப் பார்க்கச் சொல்லக் கூடாது. வெயில் எப்போதும் எதிரிலிருந்து வர வேண்டும். "முகத்தைக் காட்டறது கண்ணாடியோட வேலை. நம்ம வேலை அதில்லை." அவர் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்து, ஏதோ மந்திரம் உபதேசிப்பது மாதிரி இருக்கும். நாங்கள் மயங்கித்தான் போனோம்.

வேன் ஓட்ட ஒரு தம்பி வந்தார். முப்பது தாண்டியவர், கருத்த, வாட்டசாட்டமான ஆள். இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு, மணலில் முதல் மழை விழுந்த மாதிரி. பேச ஆரம்பித்தால் அது நமக்கு மறந்துபோகும். அப்படி ஒரு பேச்சு.

வியாழக்கிழமை விடியலில் பூ மார்க்கெட்டில் தொடங்கினோம். குண்டு பல்பின் மஞ்சளில் சம்பங்கி மூட்டைகள் பிரிந்துகொண்டிருந்தன. ஈரச் சாக்கின் மணமும் மரிக்கொழுந்து மணமும் ஒன்றோடொன்று உரசின. தூக்கம் கலையாத ஒரு நகரம் பூவுக்குள் கைவிட்டு எதையோ தேடுவதுபோல் இருந்தது. பிறகு ஒரு மில் வாசல். சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வெள்ளமாக வந்தன. மில் அக்கா படம் எடுப்பதை மறந்து நின்றார். "கண்ணு, கல்யாணமாயி வந்த நாள்லருந்து இந்தச் சங்கு கேட்டுத்தான் எந்திரிக்கறேன். கேட்டுக்கு வெளிய நின்னு கேக்கறது இன்னைக்குத்தான். வேற மாதிரி இருக்குது" என்றார்.

வெயில் ஏறியதும் ஒரு பேக்கரியில் டீ குடித்தோம். தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த சாரிடம் டிரைவர் தம்பி வந்து நின்றார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் வரைந்த குளம், அதில் வரைந்த அன்னம். முன்னால் பால் வடியும் முகத்தோடு, மை தீட்டிய மீசையோடு ஒரு வாலிபர்.

"யாரு இது, உங்க தம்பிங்களா?" என்றார் மில் அக்கா.

"நானுங்கம்மா."

டாக்டருக்கு டீ புரையேறியது. "சோகை வந்து வெளுத்திருந்தப்ப எடுத்ததா?"

"நெகட்டிவுல பென்சில் போட்டுத் தேச்சுட்டாருங்க டாக்டர். ஸ்டுடியோக்காரர் ஒத்தாசைன்னு நெனச்சுத்தான் செஞ்சாரு. தழும்பு பூராவும் எடுத்துப்போட்டாரு. மீசை அவரா வரைஞ்சது. எனக்கு அத்தன மொத்தமா மொளைக்கறதில்லீங்க."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

"இதையப் பாத்துப்போட்டு மூணு எடத்துல பொண்ணு பாக்க வரச்சொன்னாங்க சார். போனனுங்க. வாசல்ல என்னையப் பாத்ததும், போட்டோவுல இருக்கறவரு எங்கேன்னு எனக்குப் பின்னால எட்டிப் பாக்கறாங்க. கருப்பு, தழும்புன்னு வேண்டாம்னு சொன்னாப் பரவால்லீங்க. ஏமாத்திட்டான்னு சொல்றாங்க. நான் யாரையும் ஏமாத்தலீங்களே."

இப்போது நாலாவதாக ஒரு இடம் வந்திருந்தது. சென்னிமலையில் ஒரு பெண். நெசவாளர் சொசைட்டியில் போர்வை மடித்து அடுக்கும் வேலை. அந்தப் பெண்ணுக்கும் முப்பது ஆகிவிட்டது. அவர் கல்யாணத் தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: இதுவரை வந்து காப்பி குடித்துப் போனவர்கள் போதும், இனி முதலில் போட்டோ வரட்டும், உள்ளது உள்ளபடி இருக்கட்டும், பார்த்துச் சரி என்று தோன்றினால்தான் யாரும் வீட்டுக்கு வரலாம். தரகர் ஞாயிற்றுக்கிழமை காலை சென்னிமலை போகிறார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் படம் அவர் கைக்குப் போக வேண்டும்.

"நான் நானாட்ட இருக்கறாப்பல ஒரே ஒரு போட்டோ போதுமுங்க."

"இவ்வளவுதானா?" என்றார் சார். "நாலு கேமரா உன் வண்டிலேயே வருது. சனிக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுலயே கழுவிடலாம். கவலைய விடு."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று அந்தத் தம்பி கவரைப் பைக்குள் வைத்தார். டீக்காசை அவரே கொடுத்துவிட்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் கிணத்துக்கடவு. பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தென்னந்தோப்புகள். காலை வெளிச்சம் ஓலைகளுக்கு நடுவே கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. சார் ஒரு மண்பாதையைப் பார்த்ததும் குழந்தையாகிவிட்டார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாவை நிறுத்தி, அந்தப் புழுதிப் பாதையிலேயே மறுபடி மறுபடி ஆடுகளை நடத்தச் சொன்னார். புழுதி கிளம்பி, வெயில் அதில் ஏறி, ஆடுகள் பொன் புகைக்குள் மிதந்தன. தரையில் கால் படுகிற மாதிரியே இல்லை.

"ஏஞ்சாமி, இன்னும் எத்தன தடவ? மேய வந்த ஆடு நடந்தே எளைச்சுப்போகுமாட்ட இருக்குது" என்றார் அந்த அம்மா.

"கடைசித் தடவம்மா. இப்ப தம்பி நடுவுல நடந்து வரட்டும்."

டிரைவர் தம்பி புழுதிக்குள் இறங்கினார். நாங்கள் மூன்று பேரும் முட்டி போட்டுக்கொண்டு, எதிர்வெயிலில் கண் கூச, அமுக்கினோம். அந்தக் காட்சி இன்னும் எனக்குள் இருக்கிறது. மிதக்கும் ஆடுகளுக்கு நடுவே ஒரு கறுத்த உருவம், ஓரமெல்லாம் பொன் கோடு. யாரோ ஒரு பழைய அரசன் தன் நாட்டை விட்டுவிட்டு நடந்து வருகிற மாதிரி.

"மூஞ்சி விழுந்துச்சுங்களா அக்கா?" என்று தும்மிக்கொண்டே கேட்டார்.

"அருமையா விழுந்துச்சு" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

தோப்புக்குள் மில் அக்கா அவரை ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கச் சொன்னார். ஓலை நிழல் முகத்தில் வரிவரியாக விழ, "அசையாதீங்க, அப்படியே இருங்க" என்று அவர் மூச்சைப் பிடித்து எடுத்தார். டாக்டர், பல்லு தெரியச் சிரிக்கச் சொல்லிவிட்டுக் கிட்டத்தில் போய் எடுத்தார்.

"டாக்டரு போட்டோவுலயும் பல்லையே பாக்கறாருங்க" என்றார் தம்பி.

"நல்ல பல்லுப்பா. இந்தப் பல்லுக்கே பொண்ணு தருவாங்க."

"அப்ப பல்ல மட்டும் அனுப்பிச்சு உடலாமுங்களா?"

சாயங்காலம் வால்பாறைக்கு ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் வேன் திரும்பத் திரும்ப, கீழே ஆழியார் அணைத் தண்ணீர் ஒரு முறை இடது ஜன்னலிலும் ஒரு முறை வலது ஜன்னலிலும் வந்து போனது. யாரோ ஒரு கண்ணாடித் துண்டை எங்களுக்குக் காட்டிக் காட்டி மறைப்பதுபோல. எனக்கு முன்னால் டிரைவரின் தலைக்கு மேலிருந்த சிறிய கண்ணாடியில் அவருடைய கண்கள் இருந்தன. மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, ஹாரன் கொடுத்து, மறுபடி ஏறும்போது அந்தக் கண்கள் எங்கோ தூரத்தில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. நான் எடுத்தேன். அவருக்குத் தெரியாது.

எஸ்டேட்டில் ஒரு பழைய விருந்தினர் விடுதி. வராந்தாவில் உட்கார்ந்தால் தேயிலைச் சரிவு இருட்டுக்குள் இறங்கிப் போவது தெரியும். கீழே தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஒவ்வொன்றாக அடுப்புப் புகை எழுந்தது. ஏதோ ஒரு வீட்டில் ரேடியோ. மில் அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க கல்யாணத்துக்குப் போட்டோவே கேக்கல கண்ணு. அத்தை மகன். பொறந்ததுலருந்து பாத்த மூஞ்சி" என்றார். "நெதமும் பாத்துப் பாத்து, ஒரு நாளும் பாத்ததில்ல. போன மாசம் அவரு தூங்கறப்ப எடுக்கலாம்னு லென்ஸத் திருப்பறேன், புருவத்துக்கு மேல ஒரு வெட்டு. தேவுடா, இது எப்ப வந்துச்சுன்னு கேட்டா, பத்து வயசுல நீதான் கல்ல உட்டு எறிஞ்சேங்கறாரு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். குளிர் சிரிப்பை உடனே எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் உலகம் இல்லை. மூடுபனி படிக்கட்டு வரை வந்து நின்றது. அதற்குள்ளிருந்து டிரைவர் தம்பி வந்தார். வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, படிய வாரிய தலை. சட்டையையும் வேட்டியையும் செய்தித்தாளில் சுற்றி, கசங்காமல் சீட்டுக்கு அடியில் மூன்று நாளாக வைத்திருந்தாராம். விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்திருந்தார். உதடு நீலமாக இருந்தது.

"மாப்ள வந்தாச்சு!" என்றார் டாக்டர்.

"இன்னைக்குக் கட்டாயம் எடுத்துருங்க சார். பொழுதோட ஊருக்குப் போயரோணும்."

சார் அவரைத் தேயிலை நடுவே போகும் பாதையில் நிறுத்தினார். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பனியும் ஒன்றோடொன்று கலந்தன. "அப்படியே திரும்பி நட. மெதுவா. நின்னு பக்கவாட்டுல பாரு." அவர் சொன்னபடியெல்லாம் அந்தத் தம்பி செய்தார். ஒரு தடவை, "ஏனுங்க, நேராப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. "வேண்டாம் வேண்டாம், கேமராவ மறந்துரு" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் நின்று பார்த்து, "சினிமாவா?" என்று கேட்டுக்கொண்டு பனிக்குள் கரைந்தார்கள்.

மத்தியானம் கோவை திரும்பினோம். சாரின் வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மூலையில் சிவப்பு பல்பு, பலகை மேல் வரிசையாகத் தட்டுகள். இரண்டாவது தட்டின் அமிலத்திலிருந்து எழுந்ததுதான் அந்த வினிகர் வாடை. பிலிமைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாகத் தாளில் போட்டோம். ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்க, நாலு தலைகள் தட்டின் மேல் குனிந்திருந்தன. படங்கள் வந்தன. ஐயோ, என்ன படங்கள்! புகையில் நடக்கும் அரசன். பனிக்குள் பாதி அழிந்த தோள். கண்ணாடியில் இரண்டு கண்கள் மட்டும், சுற்றிலும் இருட்டு. சார் ஒவ்வொன்றுக்கும் நாக்கைச் சப்புக் கொட்டினார். "இது போட்டிக்குப் போகும். இதுவும் போகும்."

மில் அக்காதான் முதலில் பேச்சை நிறுத்தினார். சிவப்பு வெளிச்சத்தில் அவருடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். "சார்," என்றார், "இதுல மூஞ்சி எங்கீங்க?"

தேடினோம். சுருள் சுருளாகத் தேடினோம்.

வெளியே ஹாலில், அந்த வெள்ளைச் சட்டை கசங்கிவிடுமோ என்று சோபாவில் சாயாமல், அவர் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஈரம் காயாத படங்களைச் செய்தித்தாளில் பரப்பினோம். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லை.

"இது ஆடுங்க. ஆட்டுக்கு நடுவுல கருப்பா ஏதோ நிக்குது." அடுத்தது. "இது என்ற முதுகு." அடுத்தது. "இதுல பாதி மூஞ்சிதான் இருக்குதுங்க. ஒத்தக் கண்ணன்னு நெனச்சுக்குவாங்க." மில் அக்கா எடுத்ததைக் கையில் எடுத்தார். ஓலை நிழல் வரிவரியாக இருந்தது. "இதுல ஜெயில்ல இருக்கறாப்பல இருக்கறனுங்கம்மா." டாக்டர் எடுத்ததில் பல் இருந்தது. பல் மட்டும்தான் தெளிவாக இருந்தது. என்னுடைய கண்ணாடிப் படத்தை எல்லாவற்றையும்விட அதிக நேரம் வைத்திருந்தார். "அக்கா, இது ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்றார், என் மனசு நோகக் கூடாதென்று. "ஆனாப் பொண்ணூட்டுக்கு அனுப்ப முடியாதுங்களே."

சார் திடீரென்று எழுந்து சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டார். "உக்காரு. இப்பவே எடுக்கறேன். ரெண்டு மணி நேரத்துல கையில தர்றேன்." வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேஜை விளக்கைக் கொண்டுவந்து முகத்துக்கு நேராக வைத்தார். கல்யாண வீட்டை விட்ட பிறகு அவர் ஒருவரை நேராகப் பார்த்து லென்ஸைத் திருப்பியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். போகஸை இரண்டு தடவை திருப்பித் திருப்பிச் சரிபார்த்தார். நாற்காலியில் அந்தத் தம்பி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் புழுதியிலும் பனியிலும் அலைந்து, பேசிச் சிரித்த ஆள் எங்கோ போய்விட்டார். விளக்கு வெளிச்சத்தில் தழும்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எடுக்கும் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி.

"சார், உட்டுருங்க" என்றார் அவரே. மெதுவாக எழுந்தார். "ஸ்டுடியோக்காரர் என்னைய வெள்ளையாக்குனாரு. நீங்க என்னையக் காணாமப் பண்ணிட்டீங்க. ரெண்டுமே ஒரு அன்புலதான் செஞ்சீங்க, எனக்குத் தெரியுமுங்க." வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். "போட்டோ வேண்டாமுங்க. நானே போயி நின்னுக்கறேன்."

"எங்க நிப்பீங்க?" என்றேன்.

"அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழமைல மலைக்கோயலுக்குப் போவாங்களாம். படியடியில நிக்கறேன். பாத்துப்போட்டுப் போகட்டும். புடிக்கலீன்னா நடந்து போயிரட்டும், ஒரு காப்பிச் செலவு மிச்சம்."

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு எல்லாருமே போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் பேச, வெளியே நாங்கள் நாலு பேரும் நின்றோம். தரகர் போட்ட சத்தம் கூண்டைத் தாண்டிக் கேட்டது. "மாப்பிள்ளைன்னா ஊட்டுக்கு வந்து ஜமக்காளத்துல உக்காருவாங்களா, கோயல் வாசல்ல பிச்சைக்காரனாட்ட நிப்பாங்களா? ஊரு சிரிக்கும்பா!"

"சிரிக்கட்டுமுங்க. இத்தன நாளும் அந்தப் பொண்ணுதானுங்களே நின்னுச்சு. ஒரு நாளைக்கி நான் நிக்கறேன்."

தரகர் சென்னிமலையில் அந்தப் பெண்ணின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விட வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் பூத் வாசலில் காத்திருந்தோம். டாக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார், பல்லுக்குக் கெடுதல் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர். மணி அடித்தது. தம்பி கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"படிக்கு வலது பக்கம், கல் கம்பத்துக்கிட்ட நிக்கச் சொன்னாங்களாம். எடம் மாறக் கூடாதாம்."

பயணத்தின் கடைசி நாள் சென்னிமலை என்று முன்பே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. தறிச் சத்தமும் சாயம் போட்ட நூலும் எடுப்பதாக ஏற்பாடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை அவினாசி தாண்டியதும் டாக்டர் எல்லாருடைய கேமராவையும் வாங்கிப் பின் சீட்டில் வைத்து மேலே துண்டைப் போட்டார். "இன்னைக்கு மாப்ளய எவனாவது எதிர்வெயில்ல எடுத்தா, அவனுக்கு நாலு பல்லப் புடுங்கிருவேன்" என்றார். சார் மறுத்துப் பேசவில்லை.

படியடியில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. சூடத்தட்டு, அரளி மாலை, வெட்டிவேர் விற்கும் கடைகள். ஈர வாசலில் நேற்றைய பூக்கள். தம்பி கம்பத்தருகே போய் நின்றார். சாரும் டாக்டரும் வேனிலேயே இருந்தார்கள். மில் அக்காவும் நானும் பூக்கடை நிழலில், அவரைத் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்து கதம்பம் கட்டக் கற்றுக்கொள்ளும் பாவனையில் இருந்தோம்.

அந்தப் பெண் வந்தார். கரும்பச்சைச் சேலை, கூட அண்ணி. கம்பத்துக்கு நேராக வந்தபோது நடை ஒரு கணம் தயங்கியது. அவ்வளவுதான். பிறகு படியேறிப் போய்விட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மில் அக்கா என் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் தம்பியிடம் போய், "தம்பி, போலாமுங்க" என்றார்.

"சாமி கும்பிட்டுப்போட்டு எறங்கி வருவாங்கல்லங்கம்மா. அது வரைக்கும் நிக்கறேன். எடம் மாறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

வெயில் ஏறியது. கம்பத்தின் நிழல் அவரைவிட்டு விலகி, கம்பத்தின் காலடியில் சுருங்கியது. அவர் நகரவில்லை. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மலைக்கு மேலே மணிச் சத்தம் நூல் நூலாக இறங்கி வந்தது. எனக்குக் கண் மயங்கியது. அவர் நிற்பதும், கூட்டம் அவரைச் சுற்றி ஓடுவதும், ஆற்றின் நடுவில் ஒரு மரம் நிற்பதுபோல் இருந்தது. நான் ஒரு இடத்தில் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறேனா என்று யோசித்தேன்.

அவர்கள் இறங்கி வந்தார்கள். அந்தப் பெண் இந்த முறை நின்றார். அண்ணி சேலையைப் பிடித்து இழுத்தும் நின்றார். நெற்றியில் திருநீறு, கையில் இலைப் பொட்டலம். அவர் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, மறுபடி முகம். ஒரு பக்கமாக நகர்ந்து மறு கன்னத்தையும் பார்த்தார். கோயில் வாசலில் ஓர் ஆணை ஒரு பெண் அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. அவர் பார்வையைத் தாழ்த்தவில்லை; இவரும் தாழ்த்தவில்லை. வேனுக்குள் சாரின் விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஏனுங்க, வேன் ஓட்டறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அம்மையா?"

"ஆமாங்க. சின்ன வயசுல."

"முந்தி ஒரு போட்டோ இருந்துச்சாமே. வெள்ளையா, பெரிய மீசையோட."

"அது நான் இல்லீங்க."

அந்தப் பெண்ணின் உதட்டில் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். "எத்தன நேரமா நிக்கறீங்க?"

"இப்பத்தானுங்க வந்தேன்."

"நான் மேல போறப்பவே பாத்தனே. கூட்டத்துல சரியாத் தெரியல, அதான் எறங்கறப்ப நின்னு பாக்கலாம்னு போனேன்."

அண்ணி அவர் கையைப் பற்றி, "வா அம்மணி, ஊரே பாக்குது" என்று இழுத்தார். அவர் இரண்டடி நடந்தார். திருநீற்றுப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு திரும்பி நின்று, எங்கள் பூக்கடை வரை கேட்கும் குரலில் சொன்னார்:

"போங்க, இனி வெயில்ல நிக்காதீங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க."